இருசம்மாள் விளாவிய வெந்நீர்

இருசம்மாளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஆரம்பித்தால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பழவேற்காட்டில் அவளிடம் திட்டு வாங்காதவர் யாரும் இல்லை. கோட்டைச் சிப்பாய் வாங்கியிருக்கிறான், ஜவுளிக்கார மரைக்காயர் வாங்கியிருக்கிறார், எங்கள் துரை வீட்டு நாய்கூட வாங்கியிருக்கிறது. நான் வாங்கியது கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனாலும் நான் கப்பலேறிக் காணாமல் போகாமல் இந்த ஊரிலேயே கிழவனானேன் என்றால் அதற்கு அவள் ஒருத்திதான் காரணம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அவள் ஏரியோரக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வலை போடுவதில் கெட்டிக்காரன். பேச்சு மட்டும் கிடையாது. அவன் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசினாள். குப்பத்தில் இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். புருஷனுக்குப் பாடு வரும் நாளில் இறால் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோட்டைத் தெருவரை கூவி விற்பாள். மற்ற நாட்களில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாயையும் குழந்தையையும் குளிப்பாட்டுவாள். அவள் வாய் எவ்வளவு கரடோ கை அவ்வளவு மெத்து. நாள் முழுக்க அழுத பிள்ளை அவள் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றியதும் தூங்கிப்போகும். அதனால்தான் அத்தனை திட்டையும் பொறுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்கள்.

என் கதை சின்னது. பேர் பச்சை. எளாவூர்ப் பக்கம் பிறந்தேன். மழை பொய்த்த ஒரு காலத்தில் என் நைனா என்னை ஒல்லாந்தர் ஆட்களிடம் விட்டுவிட்டு நெல் வாங்கிக்கொண்டு போனார். நைனாவை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் இன்னும் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் நிறையப் பேரைக் கப்பலில் ஏற்றி, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஆளும் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். போனவர் யாரும் திரும்பியதில்லை. என்னை மட்டும் ஜவுளிக் கிடங்கு பார்க்கும் ஆபிரகாம் துரை தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். பனைமரம் போல நிமிர்ந்து நடக்கும் மனிதர் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் கொஞ்சம் கூனல். கோபம் வந்தால்கூட மெதுவாகத்தான் பேசுவார். அடிக்கமாட்டார். தப்புச் செய்தவன் என்று முடிவுகட்டிவிட்டால் கப்பலில் ஏற்றிவிடுவார், அவ்வளவுதான். அந்த வீட்டு அடிமைகள் எல்லோரும் அந்த ஒன்றுக்குத்தான் பயந்தோம்.

எனக்குக் கொடுத்த வேலை கொல்லையில் அடுப்பு எரிப்பது. சும்மா சொல்லக் கூடாது, அடுப்பு எரிப்பதில் நான் மன்னன். ஈரக் கட்டையைக் கொடுத்தாலும் புகையாமல் எரிப்பேன்.

துரையின் மனைவி மார்கரெட் அம்மா இந்த ஊரிலேயே பிறந்தவர். அப்பா ஒல்லாந்தர், அம்மா மாதா கோயில் தெருக்காரி. அதனால் எங்களோடு எங்கள் பேச்சிலேயே பேசுவார். ஒரு ஐப்பசியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் இடுப்புக்குக் கீழே வலுவே இல்லாமல் போனது. எழுந்து நிற்க முடியவில்லை. கால் விரல்கள் மடங்கிக்கொண்டு வலி கொன்றது. துரையின் முதல் மனைவியும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு படுத்தவள்தான். ஒல்லாந்தர் கல்லறையில் அவளுக்கு ஒரு கல் இருக்கிறது. துரை தினமும் அந்த வழியாகத்தான் கிடங்குக்குப் போவார். இப்போது வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

கோட்டை வைத்தியர் வந்து பார்த்தார். தினமும் காலையில் கழுத்தளவு சுடுநீரில் உட்கார வைத்தால் நரம்பு இளகும், மாசி பிறப்பதற்குள் நடக்கலாம் என்றார். உடனே கோட்டைத் தச்சர்கள் பீப்பாய்ப் பலகையில் நீளமாக ஒரு தொட்டி செய்து, கொல்லையை ஒட்டிய அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். அறைச் சுவருக்கு வெளிப்பக்கம், தொட்டியைவிட உயரமாக மேடை கட்டி, அதில் அடுப்பு வைத்து, பெரிய செப்புக் கொப்பரையைப் பதித்தார்கள். கொப்பரையின் அடியிலிருந்து ஓர் ஈயக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனது. அறைக்குள்ளே குழாயின் வாயில் ஒரு மரத் தக்கை. அதைப் பிடுங்கினால் கொப்பரைத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். வெளியே நான், உள்ளே குளிப்பாட்டுகிறவள், நடுவே சுவர். அந்த அறைக்குள் ஆண்பிள்ளைகள் போகக் கூடாது.

குளிப்பாட்ட வந்தவள் இருசம்மாள். இறால் கூடையை மகளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் கொல்லைக்கு வந்து என்னிடம்தான் கேட்டாள்.

"இன்னாடா பச்சை, மீன உப்புல ஊறப் போடற தொட்டியாட்டம் கீது. இதுலயா அம்மாவ எறக்கச் சொல்றாங்க?"

"ஆமாக்கா. கழுத்து வரைக்கும்."

"நல்லா கீது போ. கருவாடு போட்டுடாம பாத்துக்கறேன்."

வைத்தியர் ஒரு கட்டளையும் சொல்லியிருந்தார். முதலில் தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன்மேல்தான் வெந்நீரை விட வேண்டும். கொதிக்கிற தண்ணீர் நேராக விழுந்தால் பலகை இடுக்கு விட்டுவிடும், உடம்பும் வெந்துபோகும் என்று காரணம் சொன்னார். வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் தானியேல் அதை இருசம்மாளுக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அது நோயாளிக்கு ஆகாது என்று காட்டுப்பள்ளி மணலில் ஊறும் நல்ல தண்ணீரைப் படகில் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். படகுக்காரன் கோபால் விடிவதற்கு முன்பே காலிக் குடங்களோடு தெற்கே போய், நிரப்பிக்கொண்டு, கோட்டையில் காலை மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவான். அந்தத் தண்ணீரில் பாதி அன்றைக்கு விளாவுவதற்கு. மீதியை நான் கொப்பரையில் ஊற்றி வைத்து மறுநாள் காய்ச்சுவேன். குடங்கள் அவ்வளவுதான் இருந்தன. அவன் வரும்வரை வீட்டில் சொட்டு நல்ல தண்ணீர் இருக்காது, என் கொப்பரையில் இருப்பதைத் தவிர. மணி அடித்தால் குளியலைத் தொடங்க வேண்டும் என்பது வைத்தியரின் இன்னொரு கட்டளை.

கார்த்திகை முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. மார்கரெட் அம்மாவின் விரல்கள் நிமிர்ந்தன. ஒருநாள் உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. இருசம்மாள் யாரையோ திட்டி நடித்துக் காட்டியிருப்பாள். துரை மறுபடியும் பழைய வழியில் கிடங்குக்குப் போனார்.

மார்கழி பிறந்ததும்தான் சனியன் பிடித்தது. ஒருநாள் தண்ணீர் நல்ல சூடாக இருக்கும். மறுநாள் வெதுவெதுப்புக்கூட இருக்காது. அதற்கடுத்த நாள் மறுபடியும் சூடு. சூடில்லாத நாளில் மார்கரெட் அம்மா தொட்டியில் இறங்கியதும் விரல்கள் மடங்கிக்கொள்ளும், வலியில் கத்துவார். சுவருக்கு வெளியே நிற்கும் எனக்கும் அந்தச் சத்தம் கேட்கும். நானோ ஒரே மாதிரிதான் எரித்தேன். கொப்பரை தினமும் கொதித்தது. மணி அடித்ததும் தக்கையைப் பிடுங்கும் சத்தம் கேட்கும், குழாய் கடகடவென்று ஓடும், கொப்பரை காலியாகும், நான் நெருப்பை இழுத்துவிடுவேன். இதில் நான் என்ன மாற்றிச் செய்ய முடியும்?

தானியேல் முதலில் கட்டையைப் பிடித்தார்.

"கண்டல் கட்டைய குப்பத்துக்குத் தள்ளிவுட்டுட்டு பனைமட்டையப் போட்டு எரிக்கிறியாடா?"

"அண்ணே, என் அடுப்புல வந்து பாருங்க. சாம்பலப் பாத்தாலே தெரியும்."

அவர் பார்க்கவில்லை. அடுத்த நாள் முதல் கட்டைகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். தடித்த, காய்ந்த கட்டைகள். இரண்டு நாள் சூடு வந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மூன்றாம் நாள் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. மீசையை விட்டுவிட்டார்.

பிறகு துரையே யோசித்தார். அவர் யோசிக்கத் தெரிந்தவர், அதை நான் மறுக்கமாட்டேன். வாடைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில்தான் தண்ணீர் ஆறிப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். எங்கள் அடுப்பின் வாயும் வடக்கே பார்த்துத்தான் இருந்தது. காற்று நெருப்பைக் கலைக்கிறது என்று சொல்லி, பனையோலையில் கனமான தட்டி கட்டி அடுப்பைச் சுற்றி மறைக்கச் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது. தட்டிக்குள் நெருப்பு அசையாமல் நின்று எரிந்தது. அன்றைக்கும் வாடை அடித்தது, அன்றைக்கும் அம்மா கத்தினார்.

கொப்பரை செய்த கன்னானைக் கூப்பிட்டார்கள். அவன் கொப்பரையைத் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான், தன் பாட்டன் பூட்டன் பெருமையெல்லாம் சொன்னான். கடைசியில், குளிர்க் காற்றில் ஈயக் குழாய் சில்லிட்டுச் சூட்டை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லி, குழாய் முழுக்கத் தென்னை நாரைச் சுற்றிக் களிமண் பூசினான். அதற்கும் பலன் இல்லை. அவன் கொப்பரையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

இந்த நாட்களில் இருசம்மாள் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு அதிசயமாக இருந்தது. ஒருநாள் ஈரப் புடவையோடு கொல்லைக்கு வந்து அடுப்புச் சூட்டில் நின்றாள்.

"பச்சை, நீ நல்லாத்தான் எரிக்கிற. குழாய் வாயில கை வெச்சா தோலு உரியுது. அம்மா எறங்கசொல்லோ மட்டும் ஆறிப்பூடுது. எனக்கு இன்னா தோணுதுன்னா, அந்தச் சீமைப் பலகை சூட்டக் குடிக்குது."

"இத தொரைகிட்ட சொல்லேன்க்கா."

"என்னை யாரு கேட்டாங்க? கன்னானக் கேட்டாங்க, காத்தக் கேட்டாங்க."

அது உண்மைதான். அறைக்குள் நடப்பதை யாரும் விசாரிக்கவில்லை. அது பொம்பளைகள் காரியம். வைத்தியர் சொன்னபடி நடக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். குழாய் ஓடும் சத்தம் கேட்டால், உள்ளே பச்சைத் தண்ணீர் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சில நாட்களில் அதற்குப் பிறகும் கோபால் குடம் சுமந்து வந்துகொண்டிருப்பான். அது கடைசி நடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில் முகத்துவாரத்துக்கு வெளியே பத்தாவியா கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அப்போதுதான் தானியேல் தன் பெரிய கண்டுபிடிப்பைத் துரையிடம் சொன்னார். நான் கொதித்த தண்ணீரைக் கொல்லைச் சுவர் வழியாகக் கோட்டைச் சிப்பாய்களுக்கு மொண்டு கொடுக்கிறேனாம். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிவிடுகிறேனாம். குளிர் காலையில் அவர்களுக்கு வெந்நீர் கிடைத்தால் எனக்குச் சாராயம் கிடைக்குமாம். திருடனாக இருந்தாலும் பெரிய திருடனாக இருந்திருக்கலாம். உலகத்திலேயே வெந்நீர் திருடியவன் என்று பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மறுநாள் காலை வாடை ஊளையிட்டது. குழாய் ஓடியது. வெகுநேரம் கழித்து அம்மாவின் அலறல் கேட்டது. துரை கொல்லைக்கு வந்தார். தானியேல் பின்னால் கயிற்றோடு வந்தார்.

துரை தமிழில், தனித்தனிச் சொல்லாக, மெதுவாகப் பேசினார். "கட்டை சரி. காற்று சரி. குழாய் சரி. இனி பாக்கி நீதான்."

நான் அவர் காலில் விழுந்தேன். எரித்தது சத்தியம், கொதித்தது சத்தியம் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கொப்பரையைப் பார்த்தார். அவர் முகம் தூங்காதவன் முகமாக இருந்தது. மத்தியானம் சரக்குப் படகு கப்பலுக்குப் போகும்போது இவனையும் ஏற்று என்று சொன்னார். தானியேல் என் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினார். பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. நைனா என்னை விட்டுவிட்டுப் போன நாளில் இருந்த அதே பயம்.

குளியலறையின் கதவு திறந்து இருசம்மாள் வெளியே வந்தாள். அம்மா தொட்டியில் இருக்கும்போது அவள் அப்படி வெளியே வந்ததே இல்லை.

"தொரை, அவன் கையக் கட்டாதீங்க. தண்ணி கொதிச்சுத்தான் வந்துது. என் கையப் பாருங்க." மணிக்கட்டுவரை சிவந்திருந்த வலக்கையை நீட்டினாள்.

"கொதிச்சு வந்த தண்ணி இன்னாத்துக்கு ஆறுது?" என்றார் தானியேல்.

"அது எனக்கும் தெரியல. பலகை குடிக்குதோ இன்னாவோ."

துரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "பச்சைத் தண்ணீர் அதிகம் ஊற்றினாயா?"

"எங்க தொரை ஊத்தறது? தண்ணி வந்தாத்தானே? கோபால் படகு வாடையில மாட்டிகினு இப்பத்தான் கரைக்கு வந்துது. அதுவரைக்கும் வெந்நீரு தொட்டியில கெடந்துது."

துரை சட்டென்று நிமிர்ந்தார். அந்தக் கூனல் மனிதர் அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "பச்சைத் தண்ணீர் வரவில்லை. வெந்நீர் எப்படி முதலில் வந்தது?"

இருசம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

வைத்தியர் சொன்னதை மீறினாயா என்று தானியேல் கத்தினார். அவள் தரையைப் பார்த்தாள். ஏன் என்று துரை கேட்டார். அவள் குளியலறைச் சன்னலைப் பார்த்தாள். அம்மா அந்தச் சன்னலுக்கு அந்தப் பக்கம்தான் தொட்டியில் இருந்தார்.

"இங்க சொல்ல முடியாது தொரை. கரைக்கு வாங்க, சொல்றேன்."

"இங்கேயே சொல்."

"முடியாது."

"சொல்லாவிட்டால் நீயும் அவனுக்குக் கூட்டு" என்றார் துரை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஊரையே திட்டித் தீர்க்கிற வாய், என் உயிருக்கு வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டதே என்று பற்றி எரிந்தது. "அக்கா, இன்னாவா இருந்தாலும் சொல்லிடுக்கா. என்னக் கப்பல்ல ஏத்திடுவாங்க" என்று கெஞ்சினேன். அவள் என்னைப் பார்த்தாள். கட்டியிருந்த என் கையைப் பார்த்தாள். மறுபடியும் சன்னலைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. பிறகு துரைக்கு மிக அருகில் போய், வாழ்நாளில் குரலைத் தாழ்த்தியே அறியாதவள், கிசுகிசுவென்று பேசினாள். பக்கத்தில் கட்டுண்டு கிடந்த எனக்கும் அது கேட்டது.

"எங்க ஜனத்துல உசுரோட கீறவங்களுக்கு வெந்நீரத்தான் முதல்ல ஊத்துவோம். அதுமேல பச்சத் தண்ணி விளாவுவோம். பச்சத் தண்ணிய முதல்ல ஊத்தி அதுமேல வெந்நீர ஊத்தறது செத்தவங்களக் குளிப்பாட்டத்தான். வைத்தியரு அப்படி ஊத்தச் சொன்னாரு. தலையாட்டிட்டேன். ஆனா கை வரல தொரை. புள்ள பெத்தவ, பொழைக்கணும்னு கெடக்கறவ. அவளுக்கு நான் எப்படி அந்தத் தண்ணிய ஊத்துவேன்? அந்தப் பேச்சே அவ காதுல உழக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல."

துரைக்கு எல்லாம் விளங்கியது. விஷயம் இவ்வளவுதான். மணி அடித்ததும் இருசம்மாள் வெந்நீரை முதலில் விட்டுவிடுவாள். கோபால் நேரத்துக்கு வந்த நாட்களில் உடனே விளாவி அம்மாவை இறக்கினாள், சூடு நின்றது. காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே வர வேண்டிய படகை வாடை எதிர்த்து அடித்த நாட்களில், அந்த அகலமான தொட்டியில் வெந்நீர் காத்துக் கிடந்து ஆறியது. பிறகு கழுத்தளவு வருவதற்காக அதில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றினால் என்ன மிஞ்சும்? வைத்தியர் சொன்னபடி செய்திருந்தால், படகு வரும்வரை வெந்நீர் என் கொப்பரையிலேயே கொதித்துக்கொண்டிருந்திருக்கும். காற்றுதான் காரணம் என்று துரை கண்டது சரி. ஆனால் அது என் நெருப்பை ஒன்றும் செய்யவில்லை, ஏரியில் படகைப் பிடித்து வைத்தது.

சன்னலுக்கு உள்ளேயிருந்து மார்கரெட் அம்மாவின் குரல் வந்தது. "இருசி, அவர்கிட்ட இன்னா சொன்ன? எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"ஒண்ணுமில்ல அம்மா. தொட்டியப் பத்தி."

துரை சன்னலருகே போனார். தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மறைக்காமல் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் உள்ளே தொட்டித் தண்ணீர் சளக்கென்று அலைபாய்ந்தது. இருசம்மாள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

பிறகு அம்மா பேசினார்.

"எங்க அம்மா போனப்ப அப்படித்தான் ஊத்தனாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மறந்தே பூட்டேன் இருசி. இத்தினி நாளா எத்தினி பேர் வந்து பாத்தாங்க, ஜெபம் பண்ணாங்க, மருந்து குடுத்தாங்க. ஒவ்வொருத்தர் மொகத்துலயும் நான் போயிடுவேன்னுதான் எழுதி இருந்துது. நான் உசுரோட கீறவன்னு தெனம் நெனச்சு தண்ணி ஊத்தனது நீ ஒருத்திதான்."

இருசம்மாள் உள்ளே ஓடினாள். துரை சன்னலைவிட்டு நகர்ந்தார். திரும்பி வந்து, தானியேலிடம் சொல்லாமல், தானே குனிந்து என் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, துரைமார் கேட்கமாட்டார்கள். ஆனால் முடிச்சு இறுகியிருந்தது. அதை அறுக்காமல், எனக்கு வலிக்காதபடி நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். நான் அவரை வெறுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்றைக்கே முறை மாறியது. இருசம்மாள் முன்போலவே வெந்நீரைத்தான் முதலில் விட வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். ஆனால் மணிக்காகத் தக்கையைப் பிடுங்கக் கூடாது. கொல்லைச் சுவரிலிருந்து எனக்கு ஏரி தெரியும். கோபால் படகு கரையில் முட்டிக் குடங்கள் வாசலுக்கு வந்த பிறகு நான் சுவரைத் தட்ட வேண்டும், அதன்பிறகுதான் தக்கை. பலகை இடுக்கு விடுமே என்று வைத்தியர் முணுமுணுத்தார். விட்டது, கொஞ்சம் ஒழுகியது. குப்பத்திலிருந்து படகுக்குக் கீல் பூசுகிறவர்கள் வந்து அடைத்துவிட்டுப் போனார்கள். வாடை அடிக்கும் நாளில் குளியல் தாமதமாகும், சூடு குறையாது. மாசியில் மார்கரெட் அம்மா இருசம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்து வந்தார். என் அடுப்பின் முன் நின்று, "பச்சை, நல்லா எரிக்கிற" என்றார். நான் அழுதுவிட்டேன். புகை என்று சொன்னேன். "உன் அடுப்புல இன்னாடா பொகை, பெருமை அடிச்சிக்கினு திரியறவன்?" என்று இருசம்மாள் போட்டுக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வெகுகாலம் இருந்தாள். அந்த வீட்டில் பிறந்த இன்னும் மூன்று பிள்ளைகளைக் காலில் போட்டு வளர்த்தாள். மார்கரெட் அம்மா கொடுத்த சீமைத் துணியை உடுத்தாமல், புருஷன் படகுக்குப் பாய் தைத்தாள். காற்று நல்லாப் பிடிக்குது என்று ஊரெல்லாம் சொன்னாள். என்னைத் திட்டுவதையும் விடவில்லை.

கயிறு அவிழ்ந்த அந்த நாளின் மத்தியானத்தை மட்டும் கடைசியில் சொல்கிறேன்.

சரக்குப் படகு கிளம்பும் நேரத்தில் நான் கரைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஜவுளிக் கட்டுகளுக்கு நடுவே என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள், பெண்கள், மடியில் பிள்ளையோடு ஒருத்தி. அவர்களில் எனக்குத் தெரிந்த முகமும் இருந்தது. நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இல்லை. நெருங்கி உட்கார்ந்து அதை நிரப்பியிருந்தார்கள். இருசம்மாள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீ மட்டும் பேசலன்னா நான் அதுல இருந்திருப்பேன். இத நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. படகையே பார்த்தாள். "இவங்கல்லாம் இன்னா தப்புப் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலக்கா. இவங்கள பஞ்சத்துல வித்துட்டாங்க."

"அப்போ இவங்களுக்கு யாரு பேசினாங்க?"

"யாரும் பேசல."

அவள் ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். படகைத் தள்ளுகிறவர்களை, தானியேலை, துரையை, யாரையாவது. அவள் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பலோடு சேரும்வரை அப்படியே நின்றாள். நான் கோயிலுக்குப் போய்க் கும்பிடும்போதெல்லாம் முதலில் அவளுக்குத்தான் நன்றி சொல்கிறேன். சொல்லும்போது மடியில் பிள்ளையோடு இருந்த அந்தப் பெண்ணும் நினைவுக்கு வருகிறாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.